காதால் படிக்கலாமா? – மருத்துவ மாணவர் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பகுதி மருத்துவ மாணவர்கள், செவிலியர் மாணவிகள், ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆடியோ பாடங்கள், நோட்ஸ், கையேடுகள் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். போக வர இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. எனக்குப் படித்தால் மண்டையில் ஏறாது, கேட்டால்தான் ஏறும். அனாடமியை முழுக்க ஆடியோவிலேயே முடித்துவிடலாமா?
– மாணவர், கடலூர் முதுநகர்

முடியாது. அனாடமி என்பது எது எதற்கு முன்னால், எது எதற்கு அடியில் என்கிற கணக்கு. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை ஒருவர் வாயால் சொன்னால், ‘சி5, சி6 சேர்ந்து மேல் டிரங்க், சி7 தனியாக நடு டிரங்க், சி8, டி1 சேர்ந்து கீழ் டிரங்க்’ என்பது வரை காது தாங்கும். ஒவ்வொரு டிரங்கும் முன், பின் என இரண்டாகப் பிரிகிறது, பின் பிரிவுகள் மூன்றும் கூடிப் போஸ்டீரியர் கார்டு ஆகிறது என்று போகும்போது பஸ் ரெட்டிச்சாவடியைக்கூடத் தாண்டியிருக்காது. உங்களுக்கு எங்கே இருக்கிறோம் என்பதே விட்டுப்போயிருக்கும். அதை வெள்ளைத் தாளில் வரைந்துதான் தீர வேண்டும்.

‘நான் கேட்டுப் படிக்கிற ஆள்’ என்கிற பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாக வரும் என்பதை ஹெரால்டு பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் 2008-ல் அலசிப் பார்த்தார்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். பாடத்தின் தன்மைதான் கண்ணா, காதா என்று முடிவு செய்ய வேண்டும்.

பஸ் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நேரத்தில் புதுப் பாடம் கேட்காமல், முந்தைய நாள் படித்ததை உங்களையே கேள்வி கேட்க வையுங்கள். இரவு படித்து முடித்ததும் மொபைலில் உங்கள் குரலிலேயே 20 கேள்விகள் பதியுங்கள். ஒரு கேள்வி, 8 விநாடி மௌனம், பிறகு இரண்டு மூன்று வரியில் பதில். ‘ரேடியல் நரம்பு ஸ்பைரல் குரூவில் (மேல்கை எலும்பின் பள்ளம்) அடிபட்டால் என்ன ஆகும்?’ மௌனம். ‘மணிக்கட்டு தொங்கும். டிரைசெப்ஸ் பெரும்பாலும் தப்பிக்கும், ஏனென்றால் அதற்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுகின்றன.’ இப்படி 20 கேள்விக்கு ஏறக்குறைய 10 நிமிடம் வரும். மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் என்று திரும்ப ஓட விடுங்கள். மௌனத்தில் உதடாவது அசைய வேண்டும். பதிலுக்காகச் சும்மா காத்திருந்தால் பாட்டு கேட்பதும் இதுவும் ஒன்றுதான்.

இந்த 8 விநாடிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் நடத்திய சோதனைதான் காரணம். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நமக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாமா?
– மாணவி, லாஸ்பேட்டை

ஏற்கெனவே படித்த பாடம் என்றால் 1.5 வரை தாராளமாக. புதுப் பாடத்துக்கு 1 அல்லது 1.25. மருந்தளவு, இதய ஒலி, நோயாளியின் பேச்சு, இந்த மூன்றுக்கும் எப்போதும் 1-தான். இதய ஒலியை வேகமாக ஓட விட்டால் துடிப்பு வேகம் மாறி, நீங்கள் கேட்பது வேறு நோயாகிவிடும். பஸ் இரைச்சலுக்கு மேல் ஒலியைக் கூட்டுகிறவர்களுக்கு ஒன்று: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். நம் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன் அந்தக் கணக்கில் பாதியை அதுவாகவே தின்றுவிடும்.

மைட்ரல் ஸ்டெனோசிஸ் மர்மர் ஆடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். எத்தனை முறை கேட்டாலும் ‘லப்-டப்’ மட்டும்தான் கேட்கிறது. என் காதில் கோளாறா?
– மூன்றாமாண்டு மாணவர், வில்லியனூர்

காதில் இல்லை, மொபைலில். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்பது இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகிப்போவது; மர்மர் என்பது ‘லப்-டப்’புக்கு இடையே கேட்கும் கூடுதல் ஒலி. இதய ஒலிகளில் பெரும்பகுதி 20 முதல் 500 ஹெர்ட்ஸ்க்குள் அடங்கிவிடும். மைட்ரல் ஸ்டெனோசிஸின் உருளும் மர்மரும், மூன்றாம் நான்காம் இதய ஒலிகளும் அதிலும் கீழ்க்கோடியில் இருப்பவை. மொபைலின் கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸ்க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆகவே, நீங்கள் தேடும் ஒலி அங்கே வெளியே வரவே இல்லை.

இரண்டாவது கோளாறு வாட்ஸ்அப் வழியில். ஒருவர் லேப்டாப்பில் ஓட விட்டு, அதை மொபைலில் வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்பியிருப்பார். வாய்ஸ் நோட் மனிதப் பேச்சுக்காக அமைந்தது. மொபைலின் இரைச்சல் நீக்கி, தொடர்ந்து வரும் தாழ்ந்த உறுமலை ஃபேன் சத்தம் என்று நினைத்து நறுக்கிவிடும். மர்மர் என்பதே தொடர்ந்து வரும் தாழ்ந்த உறுமல்தானே! மூலக் கோப்பை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

காதுக்குள் இறுக அடைத்து உட்காரும், வயருள்ள இயர்போன் போதும். விலை முக்கியமில்லை, காதுக்கும் ரப்பருக்கும் இடையே சந்து இருந்தால் தாழ்ஒலி அத்தனையும் ஒழுகிவிடும். வாங்கியதும் 50, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளை ஓட்டிப் பாருங்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது 100 ஹெர்ட்ஸ். அது தெளிவாகக் கேட்டால் மேலே போகலாம். ‘பாஸ் பூஸ்ட்’டை அணைத்து வையுங்கள், அது முதல் ஒலியைப் பெருக்கி, மைட்ரல் ஸ்டெனோசிஸ் இல்லாத இதயத்தையும் அப்படிக் காட்டும்.

கேட்கும் முறை இது. முதலில் ‘லப்’ எது என்று உறுதி செய்யுங்கள். ஆடியோவில் கழுத்திலுள்ள கரோட்டிட் நாடியைத் தொட முடியாது. அதனால் நிமிடத்துக்கு 60 துடிப்புள்ள பதிவை எடுங்கள். அதில் சிறிய இடைவெளி சிஸ்டோல் (இதயம் சுருங்கும் நேரம்), பெரிய இடைவெளி டயஸ்டோல் (தளரும் நேரம்). துடிப்பு 100-ஐத் தாண்டினால் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும், கற்றுக்குட்டிகள் அங்கேதான் வழுக்குகிறார்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸில் ‘லப்’ ஓங்கி விழும். ‘டப்’புக்கு ஒட்டினாற்போல் ஒரு ‘டக்’. அது ஓப்பனிங் ஸ்னாப், வால்வு திறக்கும் ஒலி. அதன் பிறகு டயஸ்டோலின் நடுவில் உருளல். அடுத்த ‘லப்’புக்குச் சற்று முன் அந்த உருளல் தடிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறையான ஏட்ரியம் ஒழுங்கின்றித் துடிப்பது) வந்த நோயாளியிடம் இந்தக் கடைசித் தடிப்பு இருக்காது. ஏட்ரியம் சுருங்கினால்தானே கடைசித் தள்ளல் வரும்.

ஆடியோவில் பிடிபட்டது வார்டில் பிடிபடாமல் போவதற்கும் காரணம் உண்டு. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, ஏபெக்ஸில் (இதய நுனி) ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற ‘பெல்’ பக்கத்தை லேசாக வைக்க வேண்டும். அழுத்தினால் தோலே மறுபக்கத்துத் தட்டைச் சவ்வான டயஃப்ரம் போல ஆகித் தாழ்ஒலியைத் தடுத்துவிடும். அயோர்டிக் ரிகர்ஜிடேஷனுக்கு (அயோர்டிக் வால்வு கசிவு) நேர்மாறு: உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூச்சை விட்டு நிறுத்திய நிலையில், மார்பெலும்பின் இடது ஓரத்தில் டயஃப்ரத்தை அழுத்தி வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆடியோவுக்கும் பக்கத்திலேயே எந்த இடம், எந்த நிலை, பெல்லா டயஃப்ரமா என்று மூன்று சொல்லாவது எழுதி வையுங்கள். எழுத்தில்லாத மர்மர் ஆடியோ அரைப் பாடம்.

எத்தனை முறை கேட்பது? அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாரெட் குழு மாணவர்களை ஒவ்வொரு மர்மரையும் 500 முறை கேட்க வைத்து, அவர்கள் கண்டுபிடிக்கும் திறன் நன்றாகக் கூடியதை 2004-ல் வெளியிட்டது. 500 என்றால் மலைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 60 துடிப்பென்றால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஒரே மூச்சில் கேட்பதைவிட, இரண்டிரண்டு மர்மராகக் கலந்து, பெயர் தெரியாமல் ஓட விட்டு ‘எது?’ என்று எழுதிப் பாருங்கள்.

ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ) படிக்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் ஒலிகளை ஆடியோவில் பழகினால் போதுமா?
– மாணவி, நெல்லிக்குப்பம்

பாதிதான் வரும். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் விவரித்த ஒலிகள் ஐந்து கட்டம்: முதல் தட்டல் சிஸ்டாலிக் (மேல் அளவு), ஒலி முழுக்க மறைவது டயஸ்டாலிக் (கீழ் அளவு). ஒலி மட்டும் உள்ள ஆடியோவில் முள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. ஆகவே ‘150, 148, 146’ என்று இரண்டிரண்டாக எண்ணும் குரல் சேர்ந்த பதிவைத் தேடுங்கள், இல்லையென்றால் தோழியை எண்ணச் சொல்லிப் பதியுங்கள். காற்றை விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்குவதற்கும் அந்த எண்ணலே தாளம்.

ஆடியோ சொல்லாத மூன்று: ஸ்டெதஸ்கோப்பின் காது முனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கையில் கட்டும் கஃப்பின் உள்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும், முதலில் நாடியைத் தொட்டு அது மறையும் அளவைப் பார்த்து, அதற்கு மேல் 20-30 மி.மீ. ஏற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால், சில முதியவர்களுக்கு நடுவில் வரும் ஒலியற்ற இடைவெளியில் ஏமாந்து 180-ஐ 140 என்று எழுதுவீர்கள். இருவர் ஒரே நேரத்தில் கேட்கும் பயிற்சி ஸ்டெதஸ்கோப் உங்கள் ஸ்கில் லேபில் இருந்தால் ஆடியோவைவிட அது மேல்.

சீனியர் அண்ணன் கொடுத்த நோட்ஸின் ஜெராக்ஸ் நம்பகமானதா? எத்தனை வருஷப் பழசு என்றே தெரியவில்லை.
– மாணவர், சிதம்பரம்

வயதைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. காசநோய்ப் பகுதியில் தேசியத் திட்டத்தின் பழைய பெயரான ‘ஆர்.என்.டி.சி.பி.’ என்று மட்டும் இருந்தால் 2020-க்கு முந்தியது. அதன்பின் அது என்.டி.இ.பி. வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்தால் இன்னும் பழசு, 2017-லேயே தினசரி முறைக்கு மாறிவிட்டோம். உயிர்காப்பு முதலுதவியில் ‘ஏ-பி-சி’ (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) வரிசை என்றால் 2010-க்கு முந்தியது. ‘எம்.சி.ஐ. (இந்திய மருத்துவக் கவுன்சில்) விதி’ என்று வந்தால் 2020 செப்டம்பருக்கு முன். 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தின் எண்கள் ஓரத்தில் இருந்தால் ஓரளவு புதிது.

இதைவிட ஆபத்து, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மூன்றாம் கையில் தசமப் புள்ளி முதலில் மறையும். ‘.5’ என்று எழுதியது 5 ஆகும். மைக்ரோகிராம் குறியின் வால் தேய்ந்தால் அது மில்லிகிராமாகத் தெரியும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கையில் வந்ததும் மருந்தளவு உள்ள பக்கங்களை மட்டும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்துங்கள், புள்ளிக்கு முன் பூஜ்யத்தைச் சேர்த்து. மற்ற பக்கங்களில் ஒரு கோட்பாட்டு வரி தப்பாக இருந்தால் மார்க் போகும். இதில் தப்பினால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புத்தகப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுப்பது குற்றமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவில் எடுப்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பாடத் தொகுப்புகள் குறித்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் அதை விரிவாகவே விளக்கியது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து குழுவில் போடுவது அந்த வரம்புக்குள் வராது.

கல்லூரியில் பயிற்றுநராக இருக்கிறேன். பாம்புக்கடி பற்றித் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஆடியோ பாடம் தயாரிக்க ஆசை. எப்படிப் பதிவது, எவ்வளவு நீளம், கூடவே கையேடு வேண்டுமா?
– ஆசிரியை, கடலூர்

நல்ல தலைப்பு, நம் நெல்வயல் பகுதிக்கு அவசியமானதும்கூட. நீளம் 8 முதல் 10 நிமிடம், ஒரு ஆடியோவுக்கு ஒரே ஒரு திறன். பாம்புக்கடி முழுவதையும் ஒன்றில் அடைக்காதீர்கள். நிதானமான தமிழ்ப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 90-100 சொல் என்று வைத்தால் 10 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 சொல் எழுத வேண்டும். எழுதாமல் பேசினால் பத்து நிமிடம் இருபதாகும்.

மைக் வாயிலிருந்து 15-20 செ.மீ. தூரத்தில், நேரே வேண்டாம், கன்னத்தோரமாக; நேரே வைத்தால் ‘ப’, ‘ட’ வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். ஃபேன், ஏ.சி. இரண்டையும் அணையுங்கள். மே மாதத்தில் இது தண்டனைதான், அதிகாலையில் பதியலாம். துணி நிறைந்த அலமாரி எதிரே உட்கார்ந்தால் எதிரொலி குறையும்; டைல்ஸ் போட்ட வெற்று அறை கூடாது. மோனோவில் பதிந்து, கடைசியில் 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக்குங்கள்: 10 நிமிடம் ஏறக்குறைய 5 எம்.பி.தான். ஹாஸ்டலில் நெட் படுத்தாலும் இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில், 2024 ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரி கண்டதுபோல், கரண்ட்டும் நெட்டும் சேர்ந்தே போகலாம். ஆன்லைனில் மட்டும் ஓடும் வடிவத்தில் கொடுக்காதீர்கள்.

ஸ்கிரிப்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம்:

‘சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய் எடு. கண்ணாடி. பிளாஸ்டிக் இல்லை. (3 விநாடி) 2 மில்லிலிட்டர் சிரை ரத்தம் விடு. நேரத்தைக் குறித்துக்கொள். அறை வெப்பத்தில், அசைக்காமல், 20 நிமிடம் வை. (3 விநாடி) 20 நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு முறை சாய். ரத்தம் ஓடினால் உறையவில்லை.’

அதன் பிறகு காரணங்கள். கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தாலும் அதே கதை. ரத்தம் உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை விஷத்தை நினைக்க வேண்டும். உறைந்துவிட்டால் கடியே இல்லை என்று பொருளில்லை. நாகம், கட்டுவிரியன் இரண்டும் நரம்பைத் தாக்குபவை, ரத்தம் சாதாரணமாகவே உறையும். இமை தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி இந்த இடத்தில் கட்டாயம் வேண்டும். இந்தியப் பன்முக விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் ஆனது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பாம்பு செலுத்தும் விஷம் குழந்தை என்று பார்த்துக் குறைவதில்லை என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் மறக்க மாட்டார்.

எண்களில் கவனம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ காதில் ஒன்றாக விழும். ‘தொண்ணூறு’, ‘தொள்ளாயிரம்’ ஆங்கில வழியில் படித்தவர்களைத் தடுமாற வைக்கும். ‘பதினைந்து, ஒன்று-ஐந்து’ என்று இரு முறை சொல்லுங்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் டோபமின்-டோபுடமின் போன்ற மருந்து ஜோடிகளை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

கையேடு ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் அதில் ஸ்கிரிப்டை அப்படியே அச்சடிக்காதீர்கள். ஒரே வாக்கியத்தைக் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் தொடர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். காது சுமக்க முடியாதவற்றை மட்டும் தாளில் வையுங்கள்: நான்கு பாம்புகளின் அறிகுறி அட்டவணை, மருந்தளவு, நேரம் குறிக்கக் கட்டம், ஆடியோவில் எந்த நிமிடத்தில் எது வருகிறது என்ற குறிப்பு, பதில் எழுதாத ஐந்து கேள்விகள், தயாரித்த மாதமும் ஆண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் போடுவதில்லை. முந்தைய கேள்விக்காரர் படும் பாடு அதனால்தான்.

அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவ ஆடியோக்களைக் கேட்கிறேன். பயன்படுமா?
– மாணவி, முத்தியால்பேட்டை

நோயின் இயக்கம், நோயாளியிடம் பேசும் விதம் இவற்றுக்கு நன்றாகப் பயன்படும். சிகிச்சைக்கு வரும்போது நிறுத்துங்கள். பெயரே மாறும்: அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்றால் நம் பாராசிட்டமால், எபிநெஃப்ரின் நம் அட்ரினலின், அல்புட்டரால் நம் சால்புட்டமால், கிளைபுரைடு நம் கிளிபென்கிளமைடு. அளக்கும் அலகும் மாறும்: பிரிட்டிஷ் ஆடியோவில் சர்க்கரை 7 என்றால் பதற வேண்டாம், 18-ஆல் பெருக்கினால் நம் 126. கிரியாட்டினின் 176 என்றால் 88.4-ஆல் வகுத்தால் 2. காசநோயில் தொடர் கட்ட நான்கு மாதங்களுக்கு அவர்கள் வழக்கமாக இரண்டு மருந்து சொல்வார்கள். நம் தேசியத் திட்டத்தில் எத்தாம்பியூட்டாலும் சேர்ந்து மூன்று. புதர்க் காய்ச்சல், எலிக்காய்ச்சல் போல நம் வார்டில் அன்றாடம் நினைக்க வேண்டியவை அவர்கள் பட்டியலில் கடைசியில்கூட இருக்காது.

பாகூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத ஆஸ்துமா நோயாளிகளுக்கு இன்ஹேலர் பற்றி ஆடியோ வைத்திருக்கிறோம். ஆனாலும் தப்பாகவே எடுக்கிறார்கள்.
– செவிலியர், பாகூர்

முதலில் பாருங்கள், இரண்டு கருவிக்கும் ஒரே ஆடியோவா? அழுத்தி அடிக்கும் பம்ப் இன்ஹேலருக்கு மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும். கேப்சூல் போட்டுத் திருப்பும் ரோட்டாஹேலருக்கு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ‘நல்லா இழுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் ஒரு கூட்டம் கட்டாயம் தப்பாகச் செய்யும். அந்தக் கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்களும் உண்டு. ‘இதை முழுங்கக் கூடாதும்மா’ என்பது முதல் வரியாகவே வரட்டும்.

பம்புக்கு: ‘மூடியைக் கழட்டுங்க. நல்லா குலுக்குங்க. மூச்சை முழுசா வெளியே விடுங்க. உதட்டால இறுக்கிப் பிடிங்க. மெதுவா இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு தடவை அழுத்துங்க. இழுத்துக்கிட்டே இருங்க. இப்போ மூச்சைப் பிடிங்க.’ இங்கே ஆடியோவில் நிஜமாகவே 10 விநாடி ஓட வேண்டும், ஒன்று இரண்டு என்று எண்ணும் குரலோடு. பல பதிவுகளில் இங்கே 3 விநாடிதான் இருக்கும். நோயாளி ஆடியோவைத்தான் பின்பற்றுவார், நீங்கள் மனதில் நினைத்த பத்தை அல்ல. அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி. ஸ்டீராய்டு மருந்து என்றால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

ஓ.பி. கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டால் டோக்கன் நம்பருக்குத்தான் காது போகும். தனியாக உட்கார்த்தி, கையில் கருவியைக் கொடுத்து ஓட விடுங்கள். முடிந்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுல மருமகளுக்கு எப்படிச் செஞ்சு காட்டுவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா’ என்று கேளுங்கள். கூடவே தாள் கொடுத்தால் 14 புள்ளிக்குக் குறையாத எழுத்து, படம், ‘காலை 2, இரவு 2’. சீட்டில் நாம் எழுதும் ‘1-0-1’ நமக்குள் மட்டும் புரிகிற பாஷை.

வகுப்பையும் வார்டு ரவுண்ட்ஸையும் ரெக்கார்டு செய்யலாமா?
– மாணவர், கதிர்காமம்

வகுப்பை, ஆசிரியர் சம்மதித்தால். வார்டில், நோயாளியின் சம்மதமும் துறையின் அனுமதியும் இல்லாமல் கூடவே கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும் குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஊரும் தொழிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் வெளியே வந்து, படுக்கை எண்கூட இல்லாமல், கற்ற மூன்று விஷயங்களை உங்கள் குரலில் பதியுங்கள்.

பழைய தமிழ் மருத்துவக் குறிப்புகளின் பி.டி.எஃப்.பை மொபைலில் வாசிக்க வைத்தால் உளறுகிறது. என்ன செய்வது?
– வாசகர், பண்ருட்டி

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். அதை நகலெடுத்து, யூனிகோடு மாற்றியில் போட்டு, எழுத்துருப் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் 300 டி.பி.ஐ.யில் நிழல் விழாமல் மறுபடி எடுத்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ‘மி.கி.’ என்பதையெல்லாம் ‘மில்லிகிராம்’ என்று விரித்து எழுதிவிடுங்கள். இல்லையென்றால் புள்ளியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்ததென்று வாசிப்பான் நின்றுவிடும். எண்களை மட்டும் மூலத்தோடு ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள். எழுத்துணரி 1-ஐயும் 7-ஐயும் மாற்றிப் படிப்பதுண்டு.